ஈசான மூலையில் வைத்த பேட்ஜ்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, சேர்ந்த அன்றைக்கே ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். பாதுகாப்பு விதிகள் என்று அட்டையில் போட்டிருக்கும். பாதிப் பேர் அதைப் புரட்டாமலே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் போட்டிருப்பேன். அதன் கடைசிப் பக்கத்தில், 'கதிர்வீச்சு பேட்ஜை அணிபவர் தவிர வேறு யாரும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கவோ இடம் மாற்றவோ கூடாது' என்று ஒரு வரி இருக்கிறது. 'எந்தக் காரணத்துக்காகவும்' என்பதற்குக் கீழே ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு என்னால் வந்தது.

ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பம்ப் எப்படிப் பிரிப்பது, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நான் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர், எனக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் அதையெல்லாம் இயந்திரத்தோடு வரும் புத்தகத்திலேயே நீங்கள் படித்துக்கொள்ளலாம். வேறெங்கும் எழுதாத ஒன்று என்னிடம் இருக்கிறது. முருகன்மேல் ஆணையாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில், மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. நாங்கள் மூன்று பேர். எல்லாவற்றுக்கும் தலைவரான பேராசிரியர். ஆராய்ச்சிப் பட்டத்துக்காக வேலை செய்த வசுமதி மேடம். இயந்திர வேலைக்கு நான். நீங்கள் இப்போது பெரிய அளவில் செய்வதைத்தான் நாங்கள் அப்போது தட்டுத்தடுமாறிச் செய்து பார்த்தோம். அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று என் பெண்கள் கேட்டபோது நான் சொன்ன விளக்கம் இது. அடையாறு முகத்துவாரத்தில் படகு போனால் பின்னால் அலை எழும் இல்லையா? அதுபோல, காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு எஃகுப் பெட்டிக்குள் துளி வாயுவைப் பீய்ச்சி, அதன் வழியே லேசர் ஒளியை ஒரு வெட்டு வெட்டினால், வாயு உடைந்து பிளாஸ்மா ஆகி, ஒளிக்குப் பின்னால் அலை எழும். அந்த அலைமேல் ஏறிக்கொண்ட எலக்ட்ரான்கள் ஓட்டமாய் ஓடி ஒரு உலோகத் தகட்டில் மோதும். மோதும்போது எக்ஸ்ரே பிறக்கும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மாதிரி நின்று எரிவதில்லை. கண் இமைக்கும் நேரத்தைக் கோடி கோடியாகக் கூறு போட்டால் வரும் ஒரு கூறுக்குள் வந்து போய்விடும்.

வந்து போய்விடும் என்பது ஏட்டில். எங்களுக்கு ஆறு மாதமாக வரவேயில்லை. லேசரைச் சுடுவோம், கால் மணி நேரம் குளிர விடுவோம், மறுபடி சுடுவோம். வெளியே திரையில் ஒன்றும் தெரியாது. டிசம்பருக்குள் எதையாவது காட்டாவிட்டால் பணம் கொடுத்தவர்கள் மூடிவிடுவார்கள். மூடினால் வசுமதி மேடத்தின் நான்கு வருட உழைப்பு குப்பையில்.

அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அபிராமபுரத்தில் மாமியார் வீடு. மெலிந்த தேகம், தடித்த மூக்குக் கண்ணாடி. என்னை அண்ணா என்று கூப்பிடுவார். வேலையில் அவரைப் போல ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு போல்ட்டை நான் முடுக்கினால், "அண்ணா, கோச்சுக்காதீங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு தடவை முடுக்கிப் பார்ப்பார்.

பேட்ஜ் என்பது, உங்களுக்குத் தெரியும், உள்ளே ஒரு துண்டு ஃபிலிம் வைத்த சின்ன டப்பி. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது ஒன்றுதான் நினைவு வைத்துக்கொள்ளும். மாதக் கடைசியில் ஃபிலிமை வடக்கே ஒரு ஊருக்குத் தபாலில் அனுப்புவோம், அங்கிருந்து கணக்குப் பார்த்து எழுதுவார்கள். அதை நெஞ்சில் வெளியே தெரிய மாட்டவேண்டும் என்பது விதி. நாங்கள் கோட்டுப் பைக்குள் மாட்டினோம். அதற்கும் காரணம் நான்தான். ஒரு தடவை பெட்டிக்குள் குனிந்தபோது என் பேனா மூடி உள்ளே விழுந்துவிட்டது. அதை எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி காற்றை உறிஞ்ச மூன்று நாள். பேராசிரியர் கத்தித் தீர்த்துவிட்டார். "இனிமே நெஞ்சுல எதுவும் தொங்கக் கூடாதுய்யா. பேனா, பேட்ஜ், பூணூல், எல்லாம் உள்ளே!" அன்றிலிருந்து பேட்ஜ் பைக்குள் போனது. பைக்குள் போனதால் அது இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வழக்கம்போல நான்தான் ஏற்பாடு. லேசர் அறையில் ஈசான மூலையில் ஈயக் கற்களைப் படிப்படியாக அடுக்கியிருந்தோம். பெட்டியிலிருந்து நேராக எக்ஸ்ரே வந்தால் அதைத் தடுத்து நிறுத்துவதற்கான கல் அது. வராத எக்ஸ்ரேக்குப் போட்ட கல். கழுவித் துடைத்தால் நல்ல மேடை. அதன்மேல் சுவாமி படம், கீழ்ப்படியில் ஸ்பானர்கள், டார்ச், ரெஞ்ச். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம்.

"ஷண்முகம், லேசர் கண்ணாடிக்கு மட்டும் பொட்டு வெச்சுடாதய்யா, உன் கால்ல விழறேன்" என்றார் பேராசிரியர்.

"அதுக்கு மானசீகமா வெச்சுட்டேன் சார்."

வசுமதி மேடம் சிரித்தார். சுண்டல் கொடுத்தேன், வேண்டாம் என்றார். பொரி மட்டும் ஒரு பிடி வாங்கிக்கொண்டார். சற்று நேரத்தில் பம்ப் எண்ணெய் வாடை அடித்ததும் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நான் இரண்டு பெண்களைப் பெற்றவன். எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணா, சார்கிட்ட சொல்லிடாதீங்கோ. டிசம்பர் வரைக்கும். தெரிஞ்சா என்னை ரூமுக்குள்ளயே விடமாட்டார்."

"சரிங்க மேடம்."

சொல்லியிருக்க வேண்டும். பேராசிரியர் நல்ல மனிதர், வேறு வழி செய்திருப்பார். ஆனால் 'சரி' என்றேன். அது மட்டும் போதாதென்று, அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, கொக்கியில் தொங்கிய அவருடைய வெள்ளைக் கோட்டின் பைக்குள் கையை விட்டு பேட்ஜை எடுத்தேன். அவர் உடம்போடு இருக்கும் பொருள் அது ஒன்றுதானே. திருத்தணியில் வாங்கிய சின்னப் பித்தளை வேல் ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு டம்ளரில் அரிசி நிரப்பி அதில் வேலை நட்டேன். அதற்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, சுவாமி படத்தின்மேல் சாய்த்து பேட்ஜை வைத்தேன். அப்பனே, தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரியவேண்டும் என்று கும்பிட்டேன். வேறு யாருடைய பேட்ஜையும் வைக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுத்துத் தொழிலைத் தொடங்க வேண்டும். காலையில் புனர்பூஜை செய்து ஸ்பானர்களை எடுத்துக்கொண்டேன். பேட்ஜை எடுக்கவில்லை. வேலின் நிழலில் சாயங்காலம் வரை இருக்கட்டுமே என்று ஒரு ஆசை. பேராசிரியரும் படத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், எப்படியும் அந்தப் பக்கம் ஒண்ணும் வரப்போறதில்ல" என்று சொல்லிச் சிரித்தார். டம்ளருக்குப் பின்னால் இருந்தது அவர் கண்ணில் படவில்லை. நாங்கள் மூவரும் வெளியே, சுவருக்கு இந்தப் பக்கம் வந்தோம். நான் பொத்தானை அழுத்தினேன்.

அன்றைக்கு வந்தது.

முதல் ஷாட்டிலேயே திரை பளிச்சென்றது. கால் மணி நேரம் காத்திருந்து இரண்டாவது. மறுபடியும் பளிச். வசுமதி மேடம் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "சார், சார், சார்" என்றார், அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. பொழுது சாயும்வரை சுட்டோம். மேஜைக்குப் பக்கத்தில் கதிர் எண்ணும் கவுண்டர் ஒன்று தொங்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது ஒரே ஒரு 'டக்'. அவ்வளவு பெரிய வெற்றிக்கு இவ்வளவு சின்னச் சத்தமா என்று எனக்கே வேடிக்கையாக இருந்தது. அப்படியானால் ஆபத்தும் அவ்வளவு சின்னதுதான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கற்பூரம் காட்டப் போனபோதுதான் பேட்ஜ் ஞாபகம் வந்தது. நாள் முழுக்க அது பெட்டிக்கு நேர் எதிரில் இருந்திருக்கிறது. சந்தனத்தைத் துடைத்து, மேடம் கோட்டைக் கழற்றி மாட்டிய பிறகு, பைக்குள் பழையபடி மாட்டிவிட்டேன். எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், இதைப் போய்ச் சொல்வானேன்? கவுண்டர் ஒரு டக்தானே போட்டது? அப்புறம் இன்னொன்று. நான் ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்தவன். நிரந்தரம் ஆக்குவதற்கான நேர்காணல் முடிந்து உத்தரவுக்காகக் காத்திருந்தேன். பேட்ஜை இடம் மாற்றினால் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் என் பெயர் மேலே போகும்.

ஒரு மாதம் போல ஆயிற்று. நவம்பர் கடைசி, ஓயாத மழை. ஒரு திங்கட்கிழமை தபாலில் கணக்கு வந்தது. என் பேட்ஜில் ஒன்றுமில்லை. பேராசிரியருடையதில் ஒன்றுமில்லை. வசுமதி மேடத்தின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் வட்டம். ஒரு வருடத்துக்கு அனுமதித்ததைப் போல சில மடங்கு ஒரே மாதத்தில் பட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள்.

பேராசிரியர் அதை மூன்று தடவை படித்தார். "எப்படி? நாம மூணு பேரும் ஒரே இடத்துலதானே நின்னோம்?"

வசுமதி மேடம் மேஜையைப் பார்த்தார். அவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் சுவரில் கேபிள் போகிற துளை ஒன்று உண்டு. "அது வழியா வந்திருக்கும் சார்" என்றார்.

"கவுண்டர் ஒரு டக்குக்கு மேல காட்டலயே சார்" என்றேன் நான்.

"கவுண்டரை நம்பக் கூடாதுய்யா. தப்பு என்னோடது. எறும்பு வரிசையா போனா அது ஒண்ணு ரெண்டுன்னு எண்ணும். ஆயிரம் எறும்பு ஒரே கொத்தா வந்து விழுந்தாலும் ஒண்ணுன்னுதான் எண்ணும். நம்ம எக்ஸ்ரே அப்படித்தான் வருது, ஒரே கொத்தா. அந்த டக் ஒண்ணாவும் இருக்கலாம், கோடியாவும் இருக்கலாம். பேட்ஜ் ஒண்ணுதான் சாட்சி."

அப்போதுதான் வசுமதி மேடம் சொன்னார், "சார், எனக்கு நாலாவது மாசம்" என்று.

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அந்த அறையில்தான் நின்றேன். ஒரே சாட்சி பொய்ச் சாட்சி என்று தெரிந்த ஒரே ஆள் நான். 'சார், அந்த பேட்ஜ் மேடம் உடம்புல இல்ல' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வாயைத் திறந்தேன். "காபி வாங்கிட்டு வரட்டா சார்?" என்றேன்.

தம்பி தங்கைகளே, நெருக்கடியில் மனிதன் என்ன செய்வான் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான். நான் காபி வாங்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை வசுமதி மேடம் வரவில்லை. புதனும் வரவில்லை. நான் இரண்டு வேளையும் கோயிலுக்குப் போனேன். நூற்றெட்டு சுற்று சுற்றினேன். டாக்டர் ஒன்றும் பயமில்லை என்று சொல்லிவிட வேண்டும், எல்லாம் தானாகச் சரியாகிவிட வேண்டும், என் வேலையும் நிலைக்க வேண்டும் என்று வேண்டினேன். மூன்றையும் ஒரே மூச்சில் வேண்டினேன் என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவருடைய கணவர் வந்தார். பாங்கில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். அவரோடு சாமான்களை எடுக்க நான்தான் போனேன். குடை, டிபன் பாக்ஸ், இரண்டு நோட்டு.

"எப்படி இருக்காங்க சார்?"

"ரெண்டு டாக்டரைப் பார்த்தாச்சு. நிச்சயமா ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறா. குழந்தை எப்படிப் பொறக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதாம். ஆத்துல அம்மா ஒரே அழுகை. இவ வயத்துல இருக்கறதை மறைச்சுண்டு வேலைக்குப் போனதாலதான் வந்ததுன்னு. இவ வாயே திறக்கல. நாளைக்குக் கார்த்தால எட்டு மணிக்கு, தி.நகர்ல ஒரு நர்சிங் ஹோம்."

"எதுக்கு சார்?" என்று கேட்டேன். எதற்கென்று தெரிந்தேதான் கேட்டேன்.

அவர் குடையை மடக்கி விரித்து மடக்கினார். "வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு."

நாளைக்கு எட்டு மணி. அப்படியானால் இன்னும் நேரமிருக்கிறது என்றுதான் என் புத்தி முதலில் கணக்குப் போட்டது. அவர் ஆட்டோவில் ஏறும்வரை குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இத்தனை நாளா இதை வயித்துல வெச்சுக்கிட்டா சாப்ட்டுக்கிட்டு இருந்தீங்க? வேலை போனா போவுது. காலையில முதல் காரியமா அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போங்க."

காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டேன். மயிலாப்பூரிலிருந்து அபிராமபுரம் எவ்வளவு தூரம்? நடந்தாலும் கால் மணி, அரை மணி. ஆனால் மாட வீதியைத் தாண்டும்போது கால் கோயில் பக்கம் திரும்பியது. ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தைரியம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். வாழ்நாளில் எந்தக் காரியத்துக்கும் அப்படிச் செய்யாமல் நான் போனதில்லை. உள்ளே போனால் சந்நிதியில் திரை போட்டிருந்தது. அலங்காரம் நடக்கிறது.

"எவ்வளவு நேரம் ஆகும் சாமி?"

"இதோ, பத்து நிமிஷம்."

திரைக்கு முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் நாற்பதாயிற்று. பாதியில் போனால் அபசகுனம் என்று தோன்றியது. திரை விலகி, தீபாராதனை பார்த்து, விபூதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஏழு மணிக்கு மேலே.

அபிராமபுரம் வீட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு அம்மாள் கோலப்பொடி கிண்ணத்தோடு மழை விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவாளா? அப்பவே கிளம்பிட்டா. ஆறே முக்காலுக்கு வண்டி வந்தது" என்றார்.

ஆட்டோ பிடித்தேன். தேனாம்பேட்டை தாண்டுவதற்குள் ரோடே தெரியவில்லை.

"கொஞ்சம் வேகமா போப்பா."

"இன்னா சார் வேகம்? ரோடு பூரா முட்டி தண்ணி கீது. இன்ஜின்ல பூந்துச்சுன்னா நீயும் நானும் சேர்ந்துதான் தள்ளணும். ஆஸ்பத்திரியா? யாருக்கு?"

"தங்கச்சிக்கு."

"கவலப்படாத நைனா. சாமி கீறாரு."

எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இறங்கினேன். எட்டு மணி என்றுதானே சொன்னார்? மாடிக்கு ஓடினேன். தாழ்வாரத்தில் பெஞ்சில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். கையில் வசுமதி மேடத்தின் மூக்குக் கண்ணாடி. அதை வேஷ்டி முனையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டரம்மாவுக்கு ஒன்பது மணிக்கு வேற கேஸ் இருக்காம். வந்த உடனே இவளை அழைச்சுண்டு போயிட்டா" என்றார். பிறகு, "முடிஞ்சுடுத்து" என்றார்.

என் நெற்றியில் விபூதி ஈரமாக இருந்தது.

"நீங்க எங்கே இவ்வளவு தூரம்?"

"சும்மா, பார்த்துட்டுப் போலாம்னு" என்றேன்.

அங்கிருந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். சனிக்கிழமையும் பேராசிரியர் வருவார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, வேல், விஜயதசமி, காபி, வெள்ளிக்கிழமை, திரை. முடித்ததும், "யாருக்குத் தெரியும்?" என்றார்.

"உங்களுக்கும் எனக்கும் என் சம்சாரத்துக்கும் சார்."

எழுந்து போய், சாரல் அடித்த ஜன்னலைச் சாத்தினார். "இதை இப்போ அவகிட்ட சொன்னா அவளுக்கு என்ன கிடைக்கும்? போனது வருமா?"

அவரே தொடர்ந்தார். "சொல்லாம விட்டா, தன் வேலைதான் தன் குழந்தையைக் கொன்னுடுச்சுன்னு ஆயுசு பூரா நினைச்சுக்கிட்டு இருப்பா. வீட்டுலயும் அதையேதான் சொல்லிக் காட்டுவாங்க." பதிவேட்டை எடுத்து என் முன்னால் போட்டார். "எழுது. தேதி போட்டு எழுது. நான் அந்த ஃபிலிமை வரவழைக்கிறேன். நீ சொல்றதுக்கு ஒரு அத்தாட்சி வேணும். இல்லேன்னா பரிதாபப்பட்டுக் கதை கட்டறோம்னு அவங்க நினைக்கலாம்."

எழுதினேன்.

மார்கழி பிறந்த பிறகு ஃபிலிம் வந்தது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. பேராசிரியர் ஆள் அனுப்பி வசுமதி மேடத்தை வரவழைத்தார். கணவரோடு வந்தார். கோட்டு மாட்டும் கொக்கியை ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் சொல்ல வாயெடுத்தபோது பேராசிரியர் கையமர்த்தி, ஃபிலிமை மேடத்திடம் கொடுத்தார்.

அவர் அதை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார். கறுத்துக் கிடந்த ஃபிலிமில், நடுவில் வெளுப்பாக, ஓர் இலை வடிவம். கூர் நுனி, அகன்ற வயிறு, கீழே மெல்லிய காம்பு.

"இது என்னது?"

"வேல்" என்றேன்.

நடமாடுகிறவர் நெஞ்சில் இருந்த ஃபிலிமில் இப்படி ஒரு நிழல் விழாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஃபிலிமைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"எப்போ வெச்சேள்?"

"ஆயுத பூஜை அன்னிக்கு. விஜயதசமி சாயந்திரம் எடுத்தேன்."

"என்னோடதை மட்டும் ஏன்?"

"நீங்க உண்டாகியிருக்கறது தெரிஞ்சுது மேடம். நல்லபடியா இருக்கணும்னு..."

"அப்போ எனக்கு ஒண்ணுமே படலயா?" இதைப் பேராசிரியரிடம் கேட்டார்.

"ஷண்முகம் பேட்ஜ் என்ன சொல்லிச்சோ அதுதாம்மா உனக்கும். ஒண்ணுமில்ல."

கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் தாழ்வாரத்தில் நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரிப்போர்ட் வந்த திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரியுமோன்னோ, அண்ணா?"

"தெரியும்."

"அன்னிக்கு நீங்க காபி வாங்கிண்டு வந்தேள். நான் குடிச்சேன்."

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடித்திருந்தாலும் நின்றிருப்பேன். அவர் மறுபடியும் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். வேலை செய்யும்போது பார்க்கிற அதே பார்வை.

"நிழலோட ஓரத்தைப் பாருங்கோ சார்" என்றார். "வேல் ஒரு சாண் முன்னாடி இருந்திருக்கு. ஆனாலும் விளிம்பு மங்கவே இல்ல, கத்தியால வெட்டின மாதிரி இருக்கு. ஊசிமுனையைவிடச் சின்ன இடத்துலேர்ந்து வந்திருந்தாத்தான் இப்படி விழும். இதைக் காட்டத்தானே நாம ஆறு மாசமா அலைஞ்சோம்."

பேராசிரியர் மெல்ல, "உன் தீசிஸுக்கு இது போதும்மா" என்றார். "டிசம்பர் கமிட்டிக்கும் இது போதும்."

வசுமதி மேடம் ஃபிலிமை மேஜைமேல் குப்புற வைத்தார். "இதை நான் எதுலயும் போடமாட்டேன் சார். நீங்களும் போடாதீங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கட்டடத்துக்குள் வரவில்லை. பட்டமும் வாங்கவில்லை. பேராசிரியர் அந்த ஃபிலிமை யாரிடமும் காட்டவில்லை. திரை பளிச்சிட்டது மட்டும் பணம் கொடுத்தவர்களுக்குப் போதவில்லை, ஆண்டு முடிவில் எங்கள் திட்டத்தை மூடினார்கள். பிறகு வேறு யாரோ, வேறு எங்கோ, அதே விஷயத்தைக் காட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

என் வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பொங்கல் முடிந்து என் நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. பதிவேட்டில் நான் எழுதியதை மேலே யாரும் படிக்கவே இல்லை. எதை நினைத்து ஐந்து நாள் வாயை மூடினேனோ, அது நடக்கவேயில்லை. அந்த உத்தரவை வைத்துத்தான் இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் செய்தேன், ஓய்வூதியம் வாங்குகிறேன். உத்தரவை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போய், "இது எனக்கு வேண்டாம் சார்" என்று சொன்னேன். "வேண்டாம்னா அவளுக்குத் திருப்பித் தர முடியுமா? வெச்சுக்கோ. இனிமே வர்றவங்களைப் பார்த்துக்கோ" என்றார். அவர்தான் பாதுகாப்பு விதியில் அந்த வரியைச் சேர்த்துக் கோடு போட்டவர்.

பேட்ஜை எடுத்தது தவறு. ஆனால் அது அறியாமல் செய்தது, அன்பில் செய்தது. தெய்வம் அதை மன்னிக்கும் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை நான் செய்தது வேறு. அது அறிந்து செய்தது. அதை யாரிடம் போய்ச் சொல்லி மன்னிப்பு வாங்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முருகன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்குத் திரை போட்டிருந்தது, இங்கே உனக்கு என்ன வேலை, அங்கே போ என்று சொல்வதற்குத்தான். நான்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

உங்களிலும் ஒருவர் என்றைக்காவது எதையாவது இடம் மாற்றி வைப்பீர்கள். வால்வைத் திறந்து வைப்பீர்கள், கல்லை எடுத்த இடத்தில் வைக்காமல் விடுவீர்கள். அது நடக்கும். அன்றைக்குச் சொல்ல யாரும் இல்லையென்றால், மேலதிகாரியிடம் பயமாக இருந்தால், என்னிடம் வாருங்கள். தெப்பக்குளத்துக்குப் பின்னால் மூன்றாவது சந்து, பச்சைக் கதவு. காலையில் ஆறிலிருந்து ஏழு வரை பூஜையில் இருப்பேன். கதவைத் தட்டுங்கள். பாதியில் எழுந்து வருவேன்.